சுற்றி வராத சுற்றறிக்கை

சுற்றறிக்கை என்பது பொருத்தமான சொல். மேஜைக்கு மேஜை சுற்றி வந்து, எல்லோரும் படித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, கடைசியில் பைலுக்குப் போய்ச் சேர வேண்டிய காகிதம் அது. நான் மும்பைக்கு வந்து உத்தியோகத்தில் சேர்ந்த 1980களில் அது நிஜமாகவே சுற்றியது. பியூன் ஓர் அட்டையில் கிளிப் போட்டுக் கொண்டு வருவார். "சாப், சைன்" என்பார். நாங்கள் படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போடுவோம். ஆனால் அப்போதும் அது மேஜை உள்ளவர்கள் வரைக்கும்தான் சுற்றியது. கொதிகலன் பக்கம் நிற்பவர், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், காண்டீனில் தட்டு கழுவுகிறவர், இவர்களுக்கெல்லாம் மேஜை ஏது? அட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கிய பியூனிடமே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இப்போது அட்டையும் இல்லை, கிளிப்பும் இல்லை. எல்லாம் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும்தான். ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குப் போய்விடுகிறது என்று பெருமை பேசுகிறார்கள். எந்த ஆயிரம் பேருக்கு என்பதுதான் என் கேள்வி.

நான் வேலை பார்த்தது தானே-பேலாப்பூர் தொழிற்பேட்டையில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பர்சனல் பிரிவில். 2019ல் ஓய்வு பெற்றேன். அந்த வளாகத்துக்குள் நடந்தால் மராத்தி, இந்தி, போஜ்புரி, ஒடியா, வங்காளி, தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் காதில் விழும். நிரந்தரத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மராத்தியர்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா பக்கத்துக்காரர்கள். கணக்கு, ஸ்டோர்ஸ், ஸ்டெனோ வேலைகளில் நம்மவர்களும் மலையாளிகளும். இத்தனை மொழிகளுக்கு நடுவில் நிர்வாகம் வாய் திறந்தால் வருவது ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தை அந்தக் காலத்தில் டைப் அடித்த விரல்களில் நம் விரல்கள் கணிசம். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹாண்ட் இண்டர் என்று இரண்டு சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு தாதரில் ரயில் இறங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற பலர். அதனால்தான் இந்த விஷயத்தை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

இதை மரியாதை சம்பந்தப்பட்ட பிரச்சினை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. காசு சம்பந்தப்பட்டது. சில சமயம் உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் காசு. 1995 நவம்பர் 16ஆம் தேதி தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் ஆரம்பமானது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் ஓய்வூதியக் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 6,500 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ரூபாயானது. வரம்புக்கு மேற்பட்ட முழுச் சம்பளத்தின் மீதும் ஓய்வூதியம் கேட்கலாமா என்ற வழக்கில் 2022 நவம்பர் 4ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியது. அதன்படி, முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்த கம்பெனிகளில், 2014 செப்டம்பர் 1 அன்று வேலையில் இருந்தவர்கள், முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு விருப்பத்தைப் பதிவு செய்யலாம் என்றானது. நாலு மாத அவகாசம். பிறகு அது 2023 மே 3 வரை, ஜூன் 26 வரை, ஜூலை 11 வரை என்று நீண்டது. ஜூலை 11க்குப் பிறகு தொழிலாளிக்குக் கதவு சாத்தப்பட்டது.

அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டையில் வேறொரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டராக இருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"சார், ஹையர் பென்ஷன்னு எல்லாரும் பேசுதாங்க. நானும் எதுவும் எழுதிக் கொடுக்கணுமா?"

"தேதி முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே. கம்பெனியில சொல்லலையா?"

"மெயில்ல போட்டாங்களாம் சார். எனக்கு மெயில் ஏது?"

அந்தச் சுற்றறிக்கையைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். முதல் பக்கம் பூராவும் வழக்கு எண்ணும் பிரிவு எண்களும். தொழிலாளி என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு நீண்ட வாக்கியத்துக்குள் புதைந்து கிடந்தது. கம்பெனி தன் கடமையைச் செய்துவிட்டது. அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கிறது. பாய்லர் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவருக்குக் கம்பெனி மின்னஞ்சல் முகவரி கொடுக்கவில்லை என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

அதிக ஓய்வூதியம் எல்லோருக்கும் லாபம் என்று நான் சொல்லவில்லை. பல வருஷத்து வித்தியாசத் தொகையை வட்டியோடு தன் பி.எஃப். சேமிப்பிலிருந்து ஓய்வூதிய நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். பெண் கல்யாணத்துக்கோ ஊரில் வீடு கட்டவோ அந்த மொத்தத் தொகை வேண்டும் என்கிறவர்கள் யோசித்துத்தான் செய்ய வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு அவரே "வேண்டாம்" என்று சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அந்த வேண்டாமை அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அவருக்காக ஒரு மின்னஞ்சல் பட்டியல் சொல்லிவிட்டது.

உயிர் விஷயத்துக்கு வருகிறேன். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பராமரிப்புக் குறைவு, நிறுத்தி வைக்கப்பட்ட குளிரூட்டும் சாதனம், வேலை செய்யாத பாதுகாப்பு அமைப்புகள் என்று காரணங்கள் பல. அவற்றோடு கூடவே வெளிவந்த ஒரு விவரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தத் தொழிற்சாலையில் இயக்க முறைகளும் பாதுகாப்பு எச்சரிக்கைகளும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆபரேட்டர்களில் பலருக்குத் தெரிந்தது இந்தி. சுவருக்கு வெளியே இருந்த குடியிருப்புகளுக்கோ எந்த மொழியிலும் எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை. முகத்தில் ஈரத்துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி முன்கூட்டியே போயிருந்தால்கூட எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

அதன் பிறகுதான் 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயத்தையே சேர்த்தார்கள். ஆபத்தான தொழில் நடத்துகிறவர் அதன் அபாயங்களைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புக் குழுவில் நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர்களின் ஆட்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஆபத்து நெருங்குகிறது என்று பட்டால் தொழிலாளி அதை மேலே சொல்ல உரிமை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த மொழியில் சொல்வது, சொன்னால் யார் காதில் விழும் என்பதைச் சட்டம் போட்டு முடித்துவிட முடியாதே. எங்கள் பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆலோசனைப் பெட்டி வைத்திருந்தார்கள். அதில் இந்தியில் விழுந்த சீட்டுகளை "அப்புறம் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லலாம்" என்று ஒரு கவரில் போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கவர் தடிமனாகத்தான் இருந்தது.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை எழுதியவர்கள் மொழியை மறந்துவிடவில்லை. ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், பிரதான வாசலுக்கு அருகில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், சுத்தமாகவும் படிக்கும்படியாகவும் இருக்க வேண்டும் என்று அதன் 108ஆம் பிரிவு சொல்லியது. 1946ஆம் வருஷத்து நிலையாணைகள் சட்டத்திலும் இதே போன்ற விதி. இந்தச் சட்டங்கள் எல்லாம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. எழுபது வருஷத்துக்கு மேல் அமலில் இருந்த காலத்தில் அந்த விதி எப்படி நடந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். கண்ணாடிக் கதவு போட்ட நோட்டீஸ் போர்டு. கதவுக்குப் பூட்டு. சாவி செக்யூரிட்டியிடம். உள்ளே வெயிலில் வெளுத்த காகிதங்கள். அவற்றில் புதியது முந்தைய வருஷத்து விடுமுறைப் பட்டியல்.

"பெரும்பான்மையோர்" என்ற சொல்லும் நம்மைப் போன்றவர்களை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் பெரும்பான்மை மொழி மராத்தி, அது நியாயம். அங்கே தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளி என்ன செய்வார்? தாராவியில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு தலைமுறையாக இருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் சொன்னதைக் கேட்டுத்தான் பிழைத்தார்கள். பக்கத்தில் நின்றவர் தப்பாகச் சொன்னால் தப்புதான். இன்று திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அதே இடத்தில் ஒடியாக்காரரும் பீகார்க்காரரும் நிற்கிறார்கள். 2023 மார்ச்சில் என்ன நடந்தது? வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. போலீஸும் மாவட்ட நிர்வாகமும் இந்தியில் விளக்கம் சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டி வந்தது. அதுவரை அவர்களிடம் அவர்களுக்குப் புரிகிற மொழியில் நிதானமாகப் பேசிப் பழகிய முதலாளிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மேலேயிருந்து செய்தி வராத இடத்தில் வதந்திதான் செய்தியாகிறது.

இரண்டு மொழியில் அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. மத்திய அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேலை பார்க்கும் நம் வாசகர்களுக்கு ஆட்சிமொழிச் சட்டத்தின் 3(3) பிரிவு மனப்பாடம். பொது உத்தரவுகள் எல்லாம் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் வர வேண்டும். வருகின்றன. அந்த இந்தியைப் படித்துவிட்டு, "இதுக்கு அர்த்தம் என்ன?" என்று அலகாபாத்துக்காரர் ஒருவர் நம் ஆளிடம் ஆங்கில நகலை வாங்கிப் பார்த்ததை ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். நம் அரசாங்கத் தமிழும் இதற்கு இளைத்ததில்லை என்பதால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

மொழியோடு விஷயம் முடிவதில்லை. ஓர் அலுவலகத்தில், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைப் பார்த்தேன். 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி உள்ளகக் குழுவின் விவரத்தையும் தண்டனை விவரத்தையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். அழகான கண்ணாடிச் சட்டம் போட்டு லிஃப்டுக்குள் மாட்டியிருந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் துப்புரவுப் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது, படியில்தான் போக வேண்டும் என்பது வழக்கம். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் தினம் இரண்டு முறை அதைப் படித்தார்கள்.

எங்கள் ஒர்க்ஷாப்பில் காது கேளாத லேத் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். கைச்சுத்தமான வேலைக்காரர். சைரன் ஊதினால் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் அவர் ஓட வேண்டும். தனியாக இருந்தால்? சைரனோடு ஒரு சுழலும் சிவப்பு விளக்கையும் சேர்த்துப் பொருத்த எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. அதைக் கேட்டு வாங்க எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது, அதற்கு முந்தைய சட்டம் 1995ல். சட்டத்துக்கும் அந்த விளக்குக்கும் நடுவில் ஒரு கொள்முதல் கமிட்டி உட்கார்ந்திருந்தது.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். நாம் நாலு தமிழர் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தால் தமிழில் பேசுகிறோம். அதில் தப்பில்லை. டீ குடிக்கும்போதும் சாப்பாட்டு டப்பா திறக்கும்போதும் தாராளமாகப் பேசலாம். ஆனால் மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு விஷயத்தை நடுவில் தமிழில் பேசி முடித்துவிட்டு, முடிவை மட்டும் ஆங்கிலத்தில் அறிவிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இரண்டு நிமிஷம் எப்படி இருக்கும் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 1960களின் பிற்பகுதியில் இந்த நகரில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய கோபத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் நம் சங்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடைகள் உடைந்ததையும் வசைச் சொற்களையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் தென்னிந்தியர்கள் தங்கள் ஆட்களையே வேலையில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைய பெரிய குற்றச்சாட்டு. வேலை காலி என்ற செய்தி ஒரு மொழிக்குள்ளேயே சுற்றினால் அப்படித்தான் தோன்றும். பெங்களூரு, புனே, குருகிராமில் டீம் லீடராக இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

எட்டு மொழி இருக்கும் ஆலையில் எட்டு மொழியிலும் எல்லாவற்றையும் எழுத முடியுமா என்று கேட்பார்கள். என் பழைய மேலதிகாரியும் இதைத்தான் கேட்பார். முடியாது, தேவையும் இல்லை. வருடாந்தர விழாவில் யார் பாடுகிறார்கள் என்ற அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சம்பளத்தில் கை வைக்கிற காகிதம், கடைசித் தேதி உள்ள காகிதம், உடம்புக்கு ஆபத்தான காகிதம், ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கிற காகிதம் ஆகியவற்றை மட்டும் புரிகிற மொழியில், புரிகிற வாயால் சொன்னால் போதும். வாயால் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். எங்கள் ஆலையில் ஒரு மராத்தி ஷிப்டு ஆபீசர் இருந்தார். ஷிப்டு ஆரம்பத்தில், வேலைக்கு முன் பத்து நிமிஷம் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, அன்றைய சுற்றறிக்கையை மும்பைக்கே உரிய கலப்பட இந்தியில் சொல்வார். சொன்னதோடு விடமாட்டார். மூலையில் பேசாமல் நிற்கிற ஒருவரைக் கூப்பிட்டு, "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம்" என்பார். அவர் தடுமாறினால் ஆபீசர் தன் பேச்சை மாற்றிக்கொண்டு மறுபடி சொல்வார், அவரைத் திட்டமாட்டார். ஒடியாக்காரர்களுக்குள் இந்தி நன்றாகத் தெரிந்த ஒரு பையனைப் பழக்கி வைத்திருந்தார். கடைசித் தேதி உள்ள விஷயம் என்றால் தேதியைச் சாக்கட்டியில் பெரிதாகக் கரும்பலகையில் எழுதி, டைம் ஆபீசில் கார்டு பஞ்ச் செய்யும் இடத்தில் வைத்துவிடுவார். அங்கே பார்க்காமல் யாரும் வெளியே போக முடியாது. இதற்கெல்லாம் கம்பெனிக்கு ஆன செலவு ஒரு டப்பா சாக்கட்டி.

இன்று அதுகூட வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட வாட்ஸ்அப்பில் குரல் செய்தி கேட்கிறார். இரண்டு நிமிஷம் இந்தியில், இரண்டு நிமிஷம் மராத்தியில் பேசி அனுப்பினால் ஆயிற்று. அதற்கு முன்பு காண்ட்ராக்ட் ஆட்களை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள் என்று சொல்லிச் சேர்ப்பதில்லை. வாயு கசிந்தால் அது காண்ட்ராக்டரின் ஆளா கம்பெனியின் ஆளா என்று பார்த்தா மூக்கில் ஏறுகிறது?

நம்மில் பலர் இன்று டைப் அடிக்கும் இடத்தில் இல்லை, கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். மனிதவளம், கணக்கு, பாதுகாப்பு என்று பிரிவுத் தலைவர்களாக இருப்பவர்கள் நம் சங்கத்திலேயே ஏராளம். அடுத்த சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு போய், உங்கள் மேஜைக்கு டீ கொண்டு வருகிறவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்த அந்த இரண்டு வாக்கியத்தையே முதல் பத்தியாக வைத்துவிடுங்கள். வழக்கு எண் கடைசிப் பக்கத்தில் இருந்தால் கோர்ட் கோபித்துக்கொள்ளாது.

சங்கத்துக்கும் ஒரு யோசனை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, நம் கட்டிடத்தில் இரண்டு மேஜை போட்டால் போதும். கம்பெனியிலிருந்து வந்த காகிதம், பி.எஃப். கடிதம், மெமோ எதுவானாலும் கொண்டு வரலாம். படித்து, என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். தமிழர்தான் வர வேண்டும் என்று வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். கூட வேலை செய்கிற மராத்திக்காரரையும் பீகார்க்காரரையும் அழைத்து வரட்டும். எனக்கு இந்தியும் மராத்தியும் பேச வரும். ஒடியா தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் நலம். ஓய்வுபெற்ற பி.எஃப். அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அறிவிப்பைச் சங்கத்து நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்ட வேண்டாம் என்று அவரிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன். தாராவி கோயில் வாசலிலும் பேட்டையின் டீக்கடைகளிலும் ஒட்டுவதற்கு, சைக்கிள் உள்ள இளைஞர்கள் இருவர் வேண்டும்.